உளைச்சல்
உளைச்சல்: 'உளை' என்னும் வினையடியில் பிறந்த பெயர். உளைதல் என்றால் குடைந்து வலித்தல். அடிப்படையில் இது உடம்பின் சொல். நாள் முழுக்கச் சேற்றில் குனிந்து நடவு நட்ட தஞ்சைப் பெண்களுக்குக் காலும் இடுப்பும் உளையும். சீதபேதி கண்டால் வயிற்றுளைச்சல். 'உளை' என்பதற்குச் சேறு என்றும் அகராதிகள் பொருள் தருகின்றன. அதைக் கொண்டு இரண்டுக்கும் ஒரே வேர் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது.

மன உளைச்சல் இதன் நீட்சி. ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்குமா என்று நாற்றங்காலைப் பார்த்து நிற்கும் குறுவை விவசாயிக்கு உள்ளது அதுதான். அப்படி உளையும்போது மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, அது ஏவியபடி சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி கார்டிசோல் என்னும் ஹார்மோனை விடுகிறது. சிறிது நேரம் சுரந்தால் துணை. மாதக்கணக்கில் நீடித்தால் நினைவைக் காக்கும் ஹிப்போகாம்பஸைப் பாதிக்கும், சிடுசிடுப்பும் ஒதுங்கலும் கூடலாம். நெருங்கியவர்கள் உடனிருந்தால் சுரப்பு தணிவதும் உண்டு.

2013-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு, தமிழகக் கரும்பு விவசாயிகள் 464 பேரை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்தது. கையில் காசில்லாத, அறுவடைக்கு முந்தைய நாட்களில் சிந்தனைத் தேர்வுகளில் அவர்கள் பின்தங்கினார்கள். உளைச்சலும் அப்போது கூடித்தான் இருந்தது. ஆனால் பின்னடைவுக்கு அதுவே காரணம் என்று ஆய்வாளர்கள் முடிவு கட்டவில்லை; வறுமையே கவனத்தை விழுங்கிவிடுகிறது என்றார்கள்.