சந்தன மரமும் சித்தேரி மலையும்

தர்மபுரி மாவட்டம் என்றதும் ஒகேனக்கல்லும் மாம்பழமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் இம்மாவட்டத்தின் காட்டு மரங்களில் பெரும் புகழும் பெரும் துன்பமும் கொண்டுவந்தது சந்தன மரமே.

சாண்டலம் ஆல்பம் என்பது இதன் தாவரவியல் பெயர். உருவத்தில் சிறிய மரம்தான். சித்தேரி, சவ்வாது போன்ற மலைகளின் வறண்ட இலையுதிர் காடுகளில் நன்கு வளரும். பச்சை இலைகள் இருப்பதால் தன் உணவைத் தானே தயாரித்துக்கொள்ளும். ஆனாலும் இதன் வேர்கள் பக்கத்து மரங்களின் வேர்களைப் பற்றிக்கொண்டு நீரையும் சத்தையும் உறிஞ்சும். அதனால் இதை அரை ஒட்டுண்ணி என்கிறார்கள். துணைச்செடி இல்லாமல் தனியாக நட்டால் தேறுவது கடினம்.

மணம் வெளிக்கட்டையில் கிடையாது, நடுவிலுள்ள வைரத்தில்தான். வைரம் நன்றாக முற்ற 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். வேரிலும் எண்ணெய் இருப்பதால் மரத்தை வெட்டாமல் வேரோடு தோண்டி எடுப்பது வழக்கம்.

இப்படிப்பட்ட பொருளை அரசுகள் சும்மா விடுமா? 1792ல் திப்பு சுல்தான் இதை அரசுக்கே உரிய மரமாக அறிவித்தார். (வேடிக்கை என்னவென்றால், தர்மபுரி அடங்கிய பாராமகாலை அவர் ஆங்கிலேயரிடம் இழந்ததும் அதே ஆண்டில்தான்.) தமிழ்நாட்டில் பட்டா நிலத்துச் சந்தன மரம் நிலத்துக்காரருக்கே சொந்தம் என்று சட்டம் திருத்தப்பட்டது 2002ல்தான். இன்றும் வெட்டுவதற்கு வனத்துறை அனுமதி வேண்டும்.

விலை ஏற ஏறக் கடத்தலும் பெருகியது. அதன் பழி மலையடிவாரத்து மக்கள் மேல் விழுந்தது. 1992 ஜூன் 20 அன்று, கடத்தல் கட்டைகளைத் தேடுவதாகச் சொல்லி, சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள வாச்சாத்திக்குள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் நுழைந்தனர். பழங்குடி மக்களை அடித்து, வீடுகளைச் சூறையாடினர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். பெண்களும் குழந்தைகளும்கூட சிறைக்கு அனுப்பப்பட்டனர்.

நீதி கிடைக்க மரம் வைரம் பாயும் காலம் ஆயிற்று. வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துவிட்டனர். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரியாக 12 ஆண்டுகள் கழித்து, 2023ல் அதே தேதியில், சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. உண்மையான கடத்தல்காரர்களையும் பெரும்புள்ளிகளையும் காப்பாற்றவே அதிகாரிகள் இவ்வாறு நடந்துகொண்டனர் என்றும் அந்தத் தீர்ப்பு கூறியது.