ஆலோசனை சொல்பவரும் ஆய்வகம் நடத்துபவரும்: இந்திய அரசின் அறிவியல் ஆலோசகர் பதவி உருவான வரலாறு

இந்தியாவில் அரசுக்கு அறிவியல் ஆலோசனை சொன்னவர்களின் பட்டியலை வரிசையாகப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை கண்ணில் படும். அவர்களில் பெரும்பாலோர் ஆலோசகர்களாக மட்டும் இருந்ததில்லை. ஒரு துறையையோ ஆய்வகத் தொகுதியையோ நடத்திக்கொண்டு, அதன் பணத்துக்கும் ஆளுக்கும் பொறுப்பேற்றுக்கொண்டே ஆலோசனையும் சொன்னார்கள். இந்த இரட்டைப் பொறுப்பு எப்படி வந்தது, எதைக் கொடுத்தது, எதைப் பறித்தது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

கர்சன் காலத்தில், 1902-ல், இந்திய அரசு அறிவியல் ஆலோசனை வாரியம் ஒன்றை அமைத்தது. நிலவியல், தாவரவியல், வானிலை, வேளாண்மை போன்ற துறைகளின் தலைவர்களே அதன் உறுப்பினர்கள். ஒவ்வொருவரும் தம் துறையின் ஆண்டுப் பணித்திட்டத்தை வைப்பார். மற்றவர்கள் கருத்துச் சொல்வார்கள். தம் திட்டத்தைத் தாமே மதிப்பிடும் இந்தச் சபையால் துறைகளுக்கிடையே முன்னுரிமை வகுக்க முடியவில்லை. 1920-களில் அது மறைந்தபோது இழப்பாக உணர்ந்தவர்கள் அதிகம் இல்லை.

அடுத்த முயற்சி போரோடு வந்தது. வைசிராயின் நிர்வாக சபையில் வணிகத் துறையைக் கவனித்த ஆற்காடு இராமசாமி முதலியார் வலியுறுத்தியதால், 1940 ஏப்ரலில் அறிவியல் தொழில் ஆராய்ச்சி வாரியம் உருவானது. லாகூரில் வேதியியல் பேராசிரியராக இருந்த சாந்தி ஸ்வரூப் பட்நாகர் அதன் இயக்குநரானார். தொழிற்சாலைக்கு ஆலோசனை சொல்வது அவருக்குப் புதிதல்ல. அட்டாக் எண்ணெய்க் கம்பெனியின் துளையிடும் குழம்பு உப்புநீர் பட்டு இறுகிப்போன சிக்கலை அவர்தான் தீர்த்தார். அதற்காகக் கிடைத்த பணத்தைத் தாம் வைத்துக்கொள்ளாமல் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்குக் கொடுத்தார். 1942-ல் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் தனி அமைப்பானது. விடுதலைக்குப் பின் பட்நாகர் நேருவின் நம்பிக்கைக்குரிய ஆலோசகர், கழகத்தின் தலைமை அலுவலர், அமைச்சகச் செயலாளர் என ஒரே சமயத்தில் பல பொறுப்புகளைச் சுமந்தார். 1955 ஜனவரி 1-ல் இறக்கும்வரை ஆய்வகங்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பினார். அழகப்பச் செட்டியார் 15 லட்சம் ரூபாயும் 300 ஏக்கர் நிலமும் கொடுக்க, காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953-ல் திறக்கப்பட்டது அந்த வேகத்தில்தான். ஆலோசனையும் அதிகாரமும் ஒரே கையில் இருந்திராவிட்டால் இத்தனை குறைந்த காலத்தில் இவ்வளவு கட்டியிருக்க முடியாது. இந்த உண்மையை ஒதுக்கிவிட்டு இரட்டைப் பொறுப்பைக் குறைசொல்வது நியாயமாகாது.

ஆனால் அதே ஆண்டுகளில் வேறொரு மரபும் இந்தியாவின் வாசலுக்கு வந்தது. அதைக் கொண்டுவந்தவர்கள் இருவர்: உடலியங்கியல் அறிஞர் ஏ.வி. ஹில், இயற்பியலாளர் பேட்ரிக் பிளாக்கெட். இருவரும் 1935-ல் பிரிட்டிஷ் வான் பாதுகாப்புக்காக ஹென்றி டிசார்ட் தலைமையில் அமைந்த சிறு குழுவில் உட்கார்ந்தவர்கள். அந்தக் குழுவுக்குச் சொந்த ஆய்வகம் இல்லை. ஒப்பந்தம் வழங்கும் அதிகாரமும் இல்லை. கேள்வி கேட்பதும் சான்றுகளை எடைபோடுவதும் பரிந்துரைப்பதுமே அதன் வேலை. ரேடார் பிரிட்டனின் காவல் அரணாக வளர்ந்ததில் அந்தக் குழுவின் ஆதரவு தீர்மானகரமானது. சர்ச்சிலின் நெருங்கிய நண்பர் லிண்டமன் குழுவில் சேர்ந்து, தம் விருப்பத் திட்டங்களை முன்னிறுத்தி இடையறாது சண்டையிட்டபோது, 1936-ல் ஹில்லும் பிளாக்கெட்டும் விலகினார்கள். குழு கலைந்தது, பிறகு லிண்டமன் இல்லாமல் மீண்டும் கூடியது. ஆலோசகர் தம் சொந்தத் திட்டத்துக்கு வழக்கறிஞராக மாறினால் என்ன நேரும் என்பதை இருவரும் நேரில் கண்டிருந்தார்கள்.

ஹில் 1943 இறுதியில் இந்தியா வந்து சில மாதங்கள் சுற்றிப் பார்த்துவிட்டு, இந்தியாவின் அறிவியல் ஆராய்ச்சி குறித்து அறிக்கை கொடுத்தார். மருத்துவம், வேளாண்மை, தொழில், பொறியியல், போர், நில அளவையும் இயற்கை வளமும் என்று ஆறு ஆராய்ச்சி வாரியங்கள். அவற்றை ஒருங்கிணைக்க ஒரே மைய அமைப்பு. இதுவே அவர் வரைந்த வடிவம். மருத்துவத்துக்கு அகில இந்திய மையம் ஒன்று வேண்டும் என்ற யோசனை பிறகு டெல்லி எய்ம்ஸ் வடிவில் நிறைவேறியது. மைய அமைப்பு மட்டும் வரவில்லை. அணுசக்தி ஒரு பக்கம், தொழில் ஆராய்ச்சி ஒரு பக்கம், பாதுகாப்பு ஒரு பக்கம் என்று தனித்தனியே வளர்ந்து, ஒவ்வொன்றின் தலைவரும் பிரதமரை நேரே அணுகும் வழக்கம் ஊன்றிவிட்டது.

பிளாக்கெட் 1947 ஜனவரியில் டெல்லி அறிவியல் மாநாட்டுக்கு வந்தபோது நேருவைச் சந்தித்தார். அவருடைய அழைப்பின்பேரில் 1948-ல் பாதுகாப்பு அறிவியல் பற்றிய அறிக்கை தந்தார். அணு ஆயுதமும் ரசாயன ஆயுதமும் வேண்டாம், நாட்டின் பொருளாதாரம் தாங்கும் எளிய ஆயுதங்களில் கவனம் வையுங்கள் என்பது அதன் சாரம். அவ்வாண்டே பாதுகாப்பு அறிவியல் அமைப்பு பிறந்தது. டெல்லிப் பல்கலைக்கழக இயற்பியலாளர் டி.எஸ். கோத்தாரி பாதுகாப்பு அமைச்சரின் முதல் அறிவியல் ஆலோசகரானார்.

கோத்தாரியின் முதல் பத்தாண்டு இந்த வரலாற்றிலேயே தனித்து நிற்பது என்பது என் மதிப்பீடு. அவரிடம் இருந்தது சிறு குழு. பெரிய ஆய்வகங்கள் இல்லை. அணுகுண்டு வெடித்தால் என்ன விளையும் என்று நேரு கேட்டபோது, கோத்தாரி ரகசியக் குறிப்பு எழுதிக்கொடுத்து நிறுத்திக்கொள்ளவில்லை. அணு வெடிப்புகளும் விளைவுகளும் பற்றிய முழு நூலே 1956-ல் அரசு வெளியீடாக வந்தது; முன்னுரை எழுதியவர் நேரு. அரசுக்குச் சொன்ன ஆலோசனையைக் குடிமக்களும் காசு கொடுத்து வாங்கிப் படிக்க முடிந்தது. 1958-ல் பாதுகாப்பு அறிவியல் அமைப்பு, ராணுவத்தின் தொழில்நுட்பப் பிரிவுகளோடு இணைந்து டி.ஆர்.டி.ஓ. ஆனது. அன்று முதல் ஆலோசகர் ஆய்வகங்களின் தலைவரும் ஆனார். ஓர் ஆயுதத்தை வெளிநாட்டில் வாங்கலாமா, இங்கேயே செய்யலாமா என்று அமைச்சர் கேட்டால், விடை சொல்ல வேண்டியவர் இங்கே செய்யும் நிறுவனத்தின் தலைவராக இருந்தார்.

இந்த ஏற்பாடு நன்றாக உழைத்த தருணமும் உண்டு. 1983-ல் ஆலோசகர் வி.எஸ். அருணாசலமும் அப்துல் கலாமும் ஏவுகணைகளைப் படிப்படியாகச் செய்யும் திட்டத்தைக் கொண்டுபோனபோது, பாதுகாப்பு அமைச்சர் ஆர். வெங்கட்ராமன் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ளச் சொன்னார். 388 கோடி ரூபாயில் ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டம் பிறந்தது. அதே 1983-ல் அனுமதி பெற்ற இலகு ரகப் போர் விமானம் முதலில் பறந்தது 2001 ஜனவரியில். இந்தத் தாமதத்துக்குத் தடைகள், தொழில்நுட்பப் பற்றாக்குறை எனக் காரணங்கள் பல. ஆனால் இடையில் கால அட்டவணையை மதிப்பிட்டு அமைச்சருக்குச் சொல்ல, அந்த நிறுவனத்தைச் சாராத ஆலோசகர் ஒருவர் இல்லை. 2015-ல்தான் அரசு இரு பதவிகளையும் பிரித்து இருவருக்குக் கொடுத்தது.

அமைச்சரவை மட்டத்திலும் கதை ஏறக்குறைய இதுவே. 1956-ல் அமைந்த அறிவியல் ஆலோசனைக் குழுவுக்குத் தலைவர் அணுசக்தித் துறையின் செயலாளர் ஹோமி பாபா. 1968, 1971, 1981, 1986 என்று குழுக்கள் பெயர் மாறி வந்தன. ஆட்சியோ பிரதமரின் விருப்பமோ மாறும்போது அவையும் மாறின.

இந்த வரிசையிலிருந்து விலகி நிற்பது வேளாண்மை. 1964-ல் உணவு அமைச்சரான சி. சுப்பிரமணியம், அதுவரை நிர்வாக அதிகாரிகள் தலைமை வகித்த இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்துக்கு 1965-ல் தாவர மரபியலாளர் பி.பி. பாலை முதல் தலைமை இயக்குநராக்கினார். இங்கும் ஆலோசகர் நிர்வாகிதானே என்று கேட்கலாம். வேறுபாடு ஆலோசனை சோதிக்கப்பட்ட விதத்தில் இருந்தது. குட்டை ரக மெக்சிகோ கோதுமை நல்ல விளைச்சல் தரும் என்று விஞ்ஞானிகள் சொன்னதை அமைச்சர் அப்படியே ஏற்கவில்லை. எம்.எஸ். சுவாமிநாதனின் யோசனைப்படி விவசாயிகளின் சொந்த வயல்களில் செயல்விளக்கப் பாத்திகள் போடப்பட்டன. அந்த விளைச்சலை ஊரே பார்த்த பிறகுதான் 1966-ல் 18,000 டன் விதை இறக்குமதியானது. 1964-65-ல் சுமார் 120 லட்சம் டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1967-68-ல் 160 லட்சம் டன்னைத் தாண்டியது. உரமும் நீரும் மிகுதியாகக் கேட்ட அந்த வழியின் பின்விளைவுகள் தனி விவாதம். ஆலோசனை திறந்தவெளியில் சோதிக்கப்பட்டது என்பதே இங்கே நமக்குத் தேவையான செய்தி.

1999 நவம்பரில் முதன்மை அறிவியல் ஆலோசகர் பதவி உருவாகி, கலாம் அதில் முதலில் அமர்ந்தார். ஆய்வகம் நடத்தாத ஆலோசகர் அலுவலகம் ஒன்று தலைநகரில் நிலைபெற்றது. 2001-ல் கலாம் விலகி அண்ணா பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணிக்கு வந்தார். அடுத்து வந்த ஆர். சிதம்பரம் 2018 வரை 16 ஆண்டுகளுக்கு மேல் அப்பதவியில் இருந்து, கிராமத் தொழில்நுட்பக் குழுக்களையும் தேசிய அறிவு வலையமைப்பையும் வளர்த்தார்.

இந்த அலுவலகத்தின் எல்லை கொரோனாவின்போது தெரிந்தது. 2021 ஏப்ரல் இறுதியில், இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகள் கையெழுத்திட்டுப் பிரதமருக்கு ஒரு முறையீடு அனுப்பினார்கள். அவர்கள் பணமோ பதவியோ கேட்கவில்லை. பரிசோதனைத் தரவுகளையும் மரபணு வரிசைத் தரவுகளையும் ஆய்வுக்குத் திறந்துவிடுங்கள் என்றுதான் கேட்டார்கள். முதன்மை ஆலோசகர் கே. விஜயராகவன் உடனே பதிலளித்து வழிமுறைகளை அறிவித்தார். அது பாராட்டத்தக்கது. ஆனால் தொற்று தொடங்கி ஓராண்டு கடந்த பின் அப்படி ஒரு முறையீடு தேவைப்பட்டதே என்பதுதான் வருத்தம். சில வாரங்களில், மரபணு ஆய்வுக் கூட்டமைப்பின் அறிவியல் ஆலோசனைக் குழுத் தலைவர் பொறுப்பிலிருந்து ஷாஹித் ஜமீல் விலகினார்.

2023-ல் நிறைவேறிய அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டம், ஆராய்ச்சி மானியங்களை வழங்கும் புதிய அமைப்பின் நிர்வாகக் குழுவுக்கு முதன்மை அறிவியல் ஆலோசகரையே தலைவராக்கியது. ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி ரூபாய் திரட்டுவது திட்டம். மானியம் பங்கிடும் முறை சரியாக இருக்கிறதா என்று பிரதமர் நாளை கேட்டால், அதைப் பங்கிடும் குழுவின் தலைவர்தான் விடை சொல்ல வேண்டியிருக்கும். 2015-ல் பாதுகாப்புத் துறையில் கற்ற பாடத்துக்கு எதிர்த்திசையில் வைத்த அடியாகவே இதை நான் காண்கிறேன்.

இரட்டைப் பொறுப்பை இனி முற்றாகப் பிரிக்க முடியாமல் போகலாம். அப்படியானால் ஆலோசனையை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதே எஞ்சிய வழி. அமெரிக்கா 1972-லேயே ஆலோசனைக் குழுக் கூட்டங்களைத் திறந்துவைக்கச் சட்டம் இயற்றியது. பிரிட்டன் 2020 மே முதல் தன் அவசரகால அறிவியல் குழுவின் கூட்டக் குறிப்புகளை வெளியிட்டது. நமக்குப் புதுச் சட்டம்கூட வேண்டியதில்லை. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 8-ஆம் பிரிவில், அமைச்சரவை முடிவுகளும் அவற்றுக்கான காரணங்களும் அடிப்படையான ஆவணங்களும், முடிவெடுத்து விவகாரம் நிறைவடைந்த பின் வெளியிடப்பட வேண்டும் என்று சொல்கிறது. அந்த வாசகத்தை அறிவியல் ஆலோசனைகளுக்கும் தவறாமல் நடைமுறைப்படுத்துமாறு ஆராய்ச்சியாளர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் கேட்க வேண்டும்.