ஆடுகளமும் எழுதுகோலும்

வரலாறு என்றவுடன் வேந்தரும் போர்க்களமுமே நம் நினைவில் எழுகின்றன. ஆயினும், மக்கள் நாள்தோறும் கூடிப் பேசி மகிழ்ந்தவையும் அவர்தம் வரலாற்றின் பகுதியே. மாலை வேளையில் ஈஜிபுராவின் குறுந்தெருக்களில் மட்டையும் பந்துமாய்த் திரளும் நம் சிறுவரைக் காண்போர்க்கு, கிரிக்கெட் அத்தகையதொன்று என்பதை விளக்க வேண்டுவதில்லை.

இவ்வாட்டத்தின் வரலாற்றை எழுதியோர் யாவர்? பெருவீரர் மட்டுமல்லர், வாழ்நாளெல்லாம் அதனைக் காதலித்த சுவைஞரே பலர். இங்கிலாந்தில் நெவில் கார்டஸ் என்பார் 1912-இல் ஒரு பள்ளியிற் பந்து வீசிப் பயிற்சியளிக்கும் உதவியாளராய் இருந்தவர். 1919-இல் நோயினின்று தேறிவருங்கால், அவர் பணிபுரிந்த மான்செஸ்டர் கார்டியன் இதழ் அவரை ஆட்டம் காண அனுப்பியது. அன்று பிடித்த எழுதுகோல் அவரை உலகறியச் செய்தது.

நம் பெங்களூரிலும் அத்தகையோர் உளர். பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்திற் பொறியாளராய் விளங்கிய சுஜாதா, தாம் வளர்ந்த ஸ்ரீரங்கத்துக் கிரிக்கெட்டைத் தமிழ்ச் சிறுகதையாக்கினார். 1958-இல் டேராடூனில் தமிழ்க் குடும்பத்திற் பிறந்து, இந்நகரைத் தம் இல்லமாகக் கொண்ட இராமச்சந்திர குகாவோ, கல்லூரி நாளிற் சுழற்பந்து வீசியவர். காடுகளின் வரலாற்றை ஆராய்ந்து 1989-இல் தம் முதல் நூலை வெளியிட்ட அவர், இளமை முதல் நெஞ்சில் நிறைந்த ஆட்டத்தைப் பற்றியும் எழுதத் தொடங்கி, 1992-இல் முதற் கிரிக்கெட் நூலைத் தந்தார்.

2002-இல் அவர் எழுதிய பெருநூலால் விளைந்த நன்மை ஒன்றுண்டு. பல்வாங்கர் பாலு என்னும் பந்துவீச்சாளர் தாழ்த்தப்பட்ட குலத்திற் பிறந்தவர். 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் 100-க்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தியவர். களத்தில் அவருடன் ஆடியவரே, இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே மண்குவளையில் தேநீர் அளித்தனர். இந்துக்கள் அணியின் தலைமை அவருக்குக் கிட்டவில்லை. தம்பி விட்டலுக்கே அது 1923-இல் வாய்த்தது. மதிப்பெண் ஏடு விக்கெட்டை எண்ணும், மண்குவளையை எண்ணுமோ? மறவியில் ஆழ்ந்திருந்த அவ்வீரரை மீட்டது, ஆட்டத்தை நேசித்த ஓர் அறிஞரின் எழுத்தேயன்றோ!

நமக்கு அணுக்கமானதொரு செய்தியையும் எண்ணிப் பார்ப்போம். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4-ஆம் நாள் சேப்பாக்கத்தில் நிகழ்ந்தது. ஆடிய அணிகள் சென்னையும் மைசூரும். அதாவது, நாம் பிறந்த மண்ணும் புகுந்த மண்ணும்! இராம்சிங் 35 ஓட்டங்களுக்கு 11 விக்கெட்டுகளை வீழ்த்த, ஆட்டம் ஒரே நாளில் முடிந்து சென்னை வென்றது. இவ்வளவும் ஏட்டில் உண்டு. அன்று ஆட்டம் கண்டவர் வீடு திரும்புகையில் என்ன பேசினர்? அஃது ஏட்டில் இல்லை.

1974 நவம்பரில் பெங்களூரின் முதல் டெஸ்ட் ஆட்டம் நடைபெற்றது. விவியன் ரிச்சர்ட்ஸ், கார்டன் கிரீனிட்ஜ் இருவரும் அதில்தான் அறிமுகமாயினர். கிரீனிட்ஜ் 93-உம் 107-உம் எடுத்தார்; ரிச்சர்ட்ஸை நம் சந்திரசேகர் இருமுறையும் சொற்ப ஓட்டங்களில் வெளியேற்றினார். அதனை நேரிற் கண்டோரும், வானொலியிற் செவிமடுத்தோரும் நம் குடியிருப்புகளில் இன்றும் இருத்தல் கூடும். எவருடன் சென்றனர், எங்கு அமர்ந்தனர், உணவுப் பொதியில் என்ன இருந்தது என்பவற்றை அவர்களே அறிவர். அவர்கள் மறைந்தால் அவையும் மறையும்.

ஆதலின், அன்பர்களே, இல்லத்து முதியோரிடம் கேளுங்கள். கேட்டதை நல்ல தமிழில் எழுதி வையுங்கள். பிழையின்றி எழுதவேண்டுமே என்று தயங்கற்க. ஓர் ஆட்டம், ஒரு மாலைப்பொழுது, ஒரு பக்கம் போதும். மண்ணைப் பிரிந்து வந்த நமக்கு, எழுதி வைத்த நினைவினும் சிறந்த சொத்து வேறில்லை.