கட்டியங்காரனின் நாள்

ஜூலை 10 மாலை வேலை முடிந்ததும் ஒடாக்யூ ரயிலைப் பிடித்து சொஷிகயா-ஓகுரா நிலையத்தில் போய் இறங்குவது சில ஆண்டுகளாக என் வழக்கம். நான் குடியிருக்கும் நிஷி-கசாய் டோக்கியோவின் கிழக்குக் கோடி. சொஷிகயா மேற்குப் பக்கம். போகவர இரண்டு மணி நேரம் பிடிக்கும். வீட்டில் கேட்டால், "கோயிலுக்குப் போகிறேன்" என்பேன். முழுப் பொய்யும் இல்லை.

அந்த நிலையத்தில் ரயில் வருவதை அறிவிக்கும் மெட்டே அல்ட்ராமேன் என்ற தொலைக்காட்சித் தொடரின் பாட்டுத்தான். வாசலைத் தாண்டினால், தூர உலகிலிருந்து வந்து பூமியைக் காக்கும் அந்த ராட்சத வீரனின் சிலை நிற்கிறது. கடைத்தெருவில் விளக்குகள்கூட அவன் முகத்தைப் போலச் செய்யப்பட்டவை. ஜப்பானில் ஜூலை 10 அல்ட்ராமேன் நாள். அன்று சிலையருகே வருகிறவர்களில் அறுபதைத் தாண்டியவர்களே அதிகம். ஒருவர் பையிலிருந்து சாயம் போன பழைய பொம்மையை எடுத்துச் சிலையின் காலடியில் வைத்துப் படம் பிடிப்பார். இன்னொருவர் பேரனைத் தூக்கிக் காட்டுவார். மாலை கிடையாது, பேச்சு கிடையாது, பாலாபிஷேகம் கிடையாது. பத்து நிமிடம் நின்றுவிட்டுப் பக்கத்துக் கடையில் ஒரு பீர் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

என்னை முதலில் அழைத்துவந்தவர் என் அலுவலகத்திலிருந்து ஓய்வுபெற்ற மூத்தவர். 1966இல் அவருக்கு ஏழு வயது. வரும் வழியில், "முதல் கதை வந்த நாளை இத்தனை வருடம் மறக்காமல் இருக்கிறீர்களே" என்றேன். அவர் சிரித்தார். "முதல் கதை வந்தது 17ஆம் தேதி. 10ஆம் தேதி வந்தது வேறு" என்றார். அந்த வேறு என்ன என்று துருவப்போய்த்தான் இந்த ஆண்டுவிழாவின் சரித்திரம் எனக்குத் தெரியவந்தது.

கதை ஒரு கடனில் தொடங்குகிறது. காட்ஜில்லா படங்களுக்குத் தந்திரக் காட்சிகள் அமைத்துப் பேர் வாங்கிய எய்ஜி ட்சுபுராயா 1963இல் சொந்தமாக ஒரு தயாரிப்பு நிறுவனம் தொடங்கினார். படத்தின் மேல் படத்தைப் பதித்து ஒன்றாக்கும் ஆக்ஸ்பெரி என்ற இயந்திரத்துக்கு அமெரிக்காவில் முன்பதிவும் செய்தார். விலை சுமார் 4 கோடி யென். நம்பியிருந்த ஒரு தொலைக்காட்சித் தொடர் கைநழுவவே பணம் கட்ட வழியில்லை. கடைசியில் டிபிஎஸ் தொலைக்காட்சி அந்த இயந்திரத்தை ஏற்றுக்கொண்டது. வாங்கிய இயந்திரம் சும்மா கிடக்கலாமா? அதற்கு வேலை கொடுக்க ஒரு தொடர் வேண்டியிருந்தது. அப்படி வந்ததுதான் 'அல்ட்ரா கியூ'.

1966 ஜனவரி 2இல் அது தொடங்கியது. ஞாயிறு மாலை 7 மணி, தகேதா மருந்து நிறுவனம் விளம்பரதாரர். ஜப்பானியர் கைஜூ என்று சொல்லும் பூத விலங்குகள் வாரம் ஒன்றாகக் கறுப்பு வெள்ளையில் வீட்டுக்குள் வந்தன. ஜூலை 3இல் 27 கதைகள் முடிந்திருந்தன. 28ஆவது கதை தயாராகவே இருந்தது, ஆனால் அதில் கைஜூ இல்லை. வீட்டிலும் வேலையிலும் அலுத்துப்போன ஓர் அலுவலகக்காரர், வேறோர் உலகத்துக்குப் பறக்கும் ரயிலில் கண் விழிக்கிறார். இறக்கிவிடச் சொல்லிக் கதறுகிறார். இறங்கிய பிறகு அதே ரயிலைத் தேடி அலைகிறார். பறந்தது இதே ஒடாக்யூ பாதையின் ரொமான்ஸ்கார் ரயில். பிள்ளைகளுக்கு இது கனம் என்று அப்போது நிறுத்திவைத்தார்கள். 1967இல் மறு ஒளிபரப்பில்தான் வெளியே வந்தது.

அடுத்த தொடரான அல்ட்ராமேன் வண்ணத்தில் எடுக்கப்பட்டது, வேலையும் இழுத்துக்கொண்டிருந்தது. முதல் கதை 17ஆம் தேதிக்கு. நடுவில் 10ஆம் தேதி ஞாயிறு காலியாகக் கிடந்தது.

அந்த ஓட்டையை அடைக்க ஒரு மேடை நிகழ்ச்சி போட்டார்கள். ஜூலை 9 அன்று ஓகிகுபோ வட்டாரத்திலுள்ள சுகினாமி பொதுமண்டபத்தில் பிள்ளைகளைத் திரட்டி உட்காரவைத்தார்கள். மேடையில் கைஜூக்கள் திரிந்தன, புதிய வீரனும் வந்தான். இயக்கியவர் அகியோ ஜிசோஜி. ட்சுபுராயாவும் மேடையேறினார். நாடகம் பாதி, விளம்பரம் பாதி. மறுநாள் மாலை 7 மணிக்கு அது ஒளிபரப்பானது. பெயர் ஜென்யாசாய், அதாவது திருவிழாவுக்கு முந்திய இரவின் கொண்டாட்டம். ஜப்பானியப் பிள்ளைகள் அல்ட்ராமேனை முதலில் பார்த்தது அன்றுதான்.

இதைக் கேட்டதும் எனக்குச் செய்யாற்றுப் பக்கத்துக் கூத்து நினைவுக்கு வந்தது. துரியோதனன் வேஷம் கட்டி முடிய நேரமாகும். கிரீடமும் புஜக்கட்டையும் ஏறும்வரை கட்டியங்காரன் வந்து எதையாவது பேசி, யாரையாவது சீண்டி, கூட்டத்தைக் கலையாமல் பிடித்துவைப்பான். மறுநாள் காலையில் ஊர் பேசுவது துரியோதனனைப் பற்றி. இங்கேயோ கட்டியங்காரன் வந்த நாளை அறுபது ஆண்டு கழித்தும் கொண்டாடுகிறார்கள்.

கொண்டாடுவதில் நியாயம் இருக்கிறது. அந்தத் தொடர் முழுவதுமே கையில் இருந்ததைக் கொண்டு சமாளித்த வேலை. முதல் கதையை அடுத்து வந்த பால்டன் என்ற நண்டுக்கை வேற்றுக்கிரகவாசியை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றும் பொம்மைக் கடைகளில் அவனுக்குத் தனி மரியாதை. அல்ட்ரா கியூவில் வந்த சில்வண்டு மனிதனின் தலையை எடுத்து, மாற்றி, கொடுக்கு வைத்ததுதான் அவன் உரு. நெரோங்கா என்ற கைஜூ, ஒரு சினிமாவில் வந்த பாரகானின் பழைய உடை. பத்தாம் கதையின் ஜிராஸ், கழுத்தைச் சுற்றி விசிறி கட்டிய காட்ஜில்லா. உள்ளே இருந்தவரும் சினிமாவில் காட்ஜில்லாவாக நடித்த ஹாருவோ நகாஜிமாதான். சண்டையில் அல்ட்ராமேன் அந்த விசிறியைப் பிய்த்து எறிகிறான். ஒட்டுப்போட்டதைப் பிள்ளைகளின் கண்முன்னே பிரித்துக் காட்டிய தைரியத்தை என்னவென்பது!

நெஞ்சில் மின்னும் விளக்கும் அப்படித்தான். பூமியில் அல்ட்ராமேனால் மூன்று நிமிடத்துக்குமேல் நிற்க முடியாது. சக்தி குறைந்தால் நீலம் சிவப்பாகித் துடிக்கும். ஜப்பானில் மூன்று நிமிட நூடுல்ஸ் கொதிக்கும்போது இதை நினைக்காத ஆண்பிள்ளை இல்லை என்பார் என் மூத்தவர். தந்திரக் காட்சி செலவு பிடித்த சமாசாரம். ஒரு கதையில் கொஞ்ச நேரம்தான் காட்ட முடியும். அந்த எல்லை, வீரனின் எல்லையாகவே மாறிப்போனது. அழிக்க முடியாத வீரர்கள் எத்தனையோ பேர். நேரம் போதாமல் தவித்த இவனைத்தான் அலுவலகம் போகும் வயதிலும் இவர்கள் மறக்கவில்லை.

இந்த விளக்கை ஒருவர் கடைசிவரை ஏற்கவில்லை. அவர் அல்ட்ராமேனின் உருவத்தை வரைந்த தோரு நரிதா. ஆவோமோரிக்காரர், சிற்பி. கைக்குழந்தையாக இருந்தபோது இடது கை தீயில் கருகியது. அவர் வரைந்த உருவில் நெஞ்சு விளக்கு கிடையாது, முதுகில் ஜிப்பை மறைக்கும் செதில் கிடையாது, பார்ப்பதற்கான கண்துளை கிடையாது. இவையெல்லாம் உள்ளே ஒரு மனிதன் நின்று மூச்சு விட வேண்டியிருந்ததாலும் கதைக்குத் தேவைப்பட்டதாலும் வந்து சேர்ந்தவை. 1968இல் அவர் நிறுவனத்தைவிட்டு விலகினார், 2002இல் மறைந்தார்.

உள்ளே நின்றவர் சதோஷி ஃபுருயா. உயரம், நீண்ட கைகால். அவர்தான் வேண்டும் என்று நரிதா பிடிவாதம் பிடித்தார். முகமூடி அவர் தலையை அச்செடுத்தே செய்யப்பட்டது. ரப்பர் உடைக்குள் வெந்து, நொந்து, விட்டுவிடலாம் என்று ஒருநாள் முடிவெடுத்தாராம். அன்று பேருந்தில் அல்ட்ராமேனைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்த பிள்ளைகளின் முகத்தைப் பார்த்ததும் மனம் மாறிவிட்டது. அவரே எழுதியிருக்கிறார். அடுத்த தொடரான அல்ட்ராசெவனில் முகம் தெரியும் பாத்திரம் கிடைத்தது. பிறகு கைஜூ மேடை நிகழ்ச்சிகள் நடத்த ஒரு நிறுவனம் வைத்தார். 1991இல் அதை மூடியதும் ஆளே மறைந்துபோனார். இறந்துவிட்டார் என்றும் பேச்சு வந்தது. அல்ட்ராசெவனுக்கு நாற்பது வயதான 2007இல்தான் மீண்டும் ரசிகர்கள் முன் வந்து நின்றார். ஆண்டுவிழாவால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். நாளைக் கொண்டாடப்போய் மனிதரைத் திரும்பப் பெற்றார்கள்.

எல்லோரும் திரும்பி வரவில்லை. கதைப் பிரிவின் தலைவராக இருந்த தெட்சுவோ கிஞ்சோ ஒகினாவாவில் வளர்ந்தவர். ஒகினாவாப் போரில் அவருடைய தாய் ஒரு காலை இழந்தார். அல்ட்ராமேன் ஓடியபோது ஒகினாவா அமெரிக்க ஆட்சியில் இருந்தது. சொந்த ஊருக்கும் டோக்கியோவுக்கும் நடுவே அவருக்குக் கடவுச்சீட்டு வேண்டியிருந்தது. தூர தேசத்திலிருந்து வந்து, இங்குள்ளவர்களைக் காத்துவிட்டு, இங்கேயே தங்க முடியாதவனின் கதையை அவர் எழுதியது தற்செயல் என்று நான் நம்பவில்லை. இன்னொரு நாட்டில் பதினொரு வருடம் விசா புதுப்பித்துக்கொண்டிருப்பவன் நான், எனக்கு அது புரியும். 1969இல் அவர் ஒகினாவா திரும்பினார். 1976 பிப்ரவரியில், 37 வயதில், வீட்டு மாடியிலிருந்து விழுந்து இறந்தார். ஒகினாவாவின் ஹாஎபாருவில் அவர் எழுதிய அறையைக் குடும்பத்தார் அப்படியே பாதுகாத்துவருகிறார்கள்.

39 கதைகளோடு 1967 ஏப்ரல் 9இல் தொடர் நின்றது. பார்ப்பவர் குறைந்ததால் அல்ல. சராசரி பார்வை 36.8 சதவீதம், இன்று எந்தத் தொலைக்காட்சியும் கனவு காண முடியாத கணக்கு. வாரத்துக்கு ஒன்று எடுத்து முடிக்கக் கையால் ஆகவில்லை, அவ்வளவுதான். நேரம் போதாமல் தொடங்கியது நேரம் போதாமலே முடிந்தது.

மிச்சத்தை ரசிகர்கள் பார்த்துக்கொண்டார்கள். 1983இல் ஒசாகாவில் மாணவர்களும் நண்பர்களும் சேர்ந்து சொந்தக் காசில் ஓர் அல்ட்ராமேன் படம் எடுத்தார்கள். இயக்கிய ஹிதேஆகி ஆன்னோவே அல்ட்ராமேன். முகமூடிகூட இல்லை. கண்ணாடி போட்ட இளைஞன் ஒருவன் சட்டை மாட்டிக்கொண்டு பூதாகாரமாக நின்று சண்டை போட, பார்ப்பவர்கள் நம்பினார்கள். அதே ஆன்னோ கதை எழுதி 2022இல் 'ஷின் அல்ட்ராமேன்' வெளியானது. அதில் நெஞ்சு விளக்கு இல்லை, முதுகுச் செதிலும் இல்லை. நரிதா கேட்டது கிடைக்க 56 ஆண்டு ஆனது. கொடுத்தது ஒரு ரசிகனின் கை.

ட்சுபுராயா பிறந்த ஊரான சுககாவா, ஃபுகுஷிமா மாநிலத்தில் இருக்கிறது. 2011 நிலநடுக்கத்தில் அந்த ஊரின் ஃபுஜினுமா அணை உடைந்து உயிர்கள் போயின. 2013இல் அவ்வூர், அல்ட்ராமேனின் கற்பனை நாடான எம்78இன் ஒளி நாட்டோடு சகோதர நகர உறவு பூண்டது. இல்லாத ஊரோடு என்ன உறவு என்று கேலி செய்ய எனக்கும் முதலில் தோன்றியது. ஊர்த் தெருவில் நின்ற சிலைகளையும் அவற்றைத் தொட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடும் பிள்ளைகளையும் பார்த்த பிறகு அந்தக் கேலி வாயில் வரவில்லை.

என் மூத்தவர் அல்ட்ராமேன் சிவப்பும் வெள்ளியும் என்பதைப் பொம்மையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாராம். அவர் வீட்டுப் பெட்டி கறுப்பு வெள்ளை. வண்ணத்தில் எடுத்ததை வண்ணத்தில் பார்த்த வீடுகள் அன்று மிக அரிது. "பாதிதான் எங்களுக்கு வந்தது. மீதியை நாங்கள் போட்டுக்கொண்டோம்" என்றார்.

ஒருமுறை ஜூலை 17 அன்றும் சொஷிகயாவில் இறங்கிப் பார்த்தேன். முறைப்படி பார்த்தால் அதுதான் முதல் கதையின் பிறந்தநாள். மெட்டு ஒலித்தது, சிலை நின்றது. படம் எடுக்க ஒருவரும் இல்லை.