தானாகச் செலுத்திய வரி: பிரித்தானியாவின் ‘லோன் சார்ஜ்’ வரலாறு

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக லண்டனில் வாழ்ந்துவரும் என் பள்ளித் தோழர் ஒருவர், 2020ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு கடிதத்தின் பிரதியை எனக்கு அனுப்பியிருந்தார். “மச்சான், நீ பேப்பர்காரன்தானே, இதை வாசிச்சுச் சொல்லு” என்பது மட்டுமே அவரது குறிப்பு. பிரித்தானிய வரித் திணைக்களமான எச்.எம்.ஆர்.சி.யின் கடிதம் அது. 2019இன் தொடக்கத்தில் அவர் திணைக்களத்துடன் செய்துகொண்ட தீர்வு உடன்படிக்கையின் கீழ் கட்டிய பணத்தில் ஒரு பகுதி மீளளிக்கப்படக் கூடும் என்றும், விரும்பினால் 2021 செப்டெம்பர் 30ஆம் திகதிக்குள் விண்ணப்பிக்கலாம் என்றும் அதில் இருந்தது.

எனக்கு விளங்காதது ஒரு சொல்தான். மீளளிக்கப்படவிருந்த பணம் ‘தானாக விரும்பிச் செலுத்தியது’ என்று அக்கடிதம் குறிப்பிட்டது. வீட்டின் மீது இரண்டாவது அடமானம் வைத்துக் கட்டிய வரியை எவராவது தானாக விரும்பிக் கட்டியதாகச் சொல்வார்களா? அந்தச் சொல்லைத் தேடிப் போனபோது, இருபது ஆண்டு வரலாறு ஒன்று விரிந்தது.

1999 மார்ச் 9ஆம் திகதி, பிரித்தானிய வரவு செலவுத் திட்டத்தோடு வெளியான பத்திரிகை அறிக்கைகளில் 35ஆம் இலக்கத்தையுடைய ஒன்றிலிருந்து இது தொடங்குகிறது. ‘ஐ.ஆர். 35’ என்ற பெயரில் இன்றும் வழங்கும் சட்டம் அந்த இலக்கத்தாலேயே பெயர் பெற்றது. சொந்தமாகச் சிறு கம்பனியொன்றைப் பதிந்துகொண்டு, உண்மையில் ஊழியரைப் போலவே ஒரே நிறுவனத்தில் பணிபுரிபவர், ஊழியருக்குரிய வரியையே கட்டவேண்டும் என்பது அதன் சாரம். 2000 ஏப்ரல் முதல் அது நடைமுறைக்கு வந்தது. கணினித் துறையில் ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்தவர்கள் கலங்கிப்போனார்கள். தாம் ஊழியரா, சுயதொழிலாளரா என்பதை அவர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தவறாகச் சொன்னால் பின்னர் பெருந்தொகை கட்ட நேரிடும்.

அந்தப் பயத்தை மூலதனமாக்கிக்கொண்டவர்களே கடன் திட்டங்களின் தரகர்கள். ஏற்பாடு எளிமையானது. ஒப்பந்தப் பணியாளர் ஐல் ஒஃப் மான், ஜேர்சி போன்ற தீவொன்றில் பதிவான கம்பனியின் ஊழியராகிவிடுவார். அவருடைய உழைப்புக்கான பணம் அந்தக் கம்பனிக்குப் போகும். கம்பனி அவருக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தை மட்டும் கொடுக்கும். எஞ்சியது, தரகர் கழிவு போக, ஒரு நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தின் ஊடாக அவருக்கே ‘கடனாக’ வரும். கடனுக்கு வருமான வரி இல்லை. அந்தக் கடனை எவரும் திருப்பிக் கேட்கப்போவதில்லை என்பது கொடுத்தவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். உழைப்பில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் கைக்கு வரும், சட்டத்தரணியின் அபிப்பிராயமும் உண்டு என்று விளம்பரங்கள் சொல்லின. கணினித் துறையினர் மாத்திரமன்றி, தாதியரும் சமூக சேவை உத்தியோகத்தர்களும் கூட இதில் சேர்ந்தார்கள்.

இதில் சேர்ந்தவர்களை முற்றிலும் அப்பாவிகள் என்று நான் சொல்லமாட்டேன். திருப்பிக் கொடுக்கவேண்டாத கடன் என்று உலகில் ஒன்று இல்லை. ஆனால், அரசு அறியாமல் இவை நடந்தன என்றும் சொல்வதற்கில்லை. வரி தவிர்ப்புத் திட்டங்களைத் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டும் என்ற விதி 2004இலேயே வந்துவிட்டது. அறிவிக்கப்பட்ட திட்டங்களுக்குத் திணைக்களமே இலக்கம் வழங்கியது. சேர்ந்தவர்கள் அந்த இலக்கத்தைத் தமது வரி விபரத் திரட்டில் எழுதி அனுப்பினார்கள். அரசாங்கம் தந்த இலக்கம் இருக்கிறதே, ஆகவே அரசாங்கம் ஏற்றுக்கொண்ட திட்டம் என்று அவர்களில் பலர் நினைத்ததில் வியப்பில்லை. அது அங்கீகாரம் அல்ல என்பது பின்னாளில்தான் உறைத்தது.

2010 டிசெம்பர் 9ஆம் திகதி, இத்தகைய கடன்களைச் சம்பளமாகவே கருதும் சட்டமூலத்தை அரசாங்கம் அறிவித்தது. மறு ஆண்டு அது சட்டமாயிற்று. இந்தத் திகதியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னர் எல்லாம் இதைச் சுற்றியே சுழலப்போகிறது. சட்டம் வந்தும் தரகர்கள் ஓயவில்லை. புதிய சட்டத்தைச் சுற்றிச் செல்லும் புதிய வடிவங்களை விற்றார்கள்.

பழைய கடன்களை என்ன செய்வது என்பதே சிக்கல். பிரித்தானிய வரிச் சட்டத்தில், விபரத் திரட்டைக் கொடுத்து ஓராண்டுக்குள் திணைக்களம் விசாரணையைத் திறக்கவேண்டும். தவறவிட்டால், சாதாரணமாக 4 ஆண்டுகளுக்குள், கவனயீனம் இருந்தால் 6 ஆண்டுகளுக்குள், வேண்டுமென்றே செய்த பிழையானால் 20 ஆண்டுகளுக்குள் மதிப்பீடு செய்யவேண்டும். கடன் திட்டக்காரர்கள் பலரின் பல ஆண்டுகளைத் திணைக்களம் இவ்வாறு உரிய காலத்தில் திறக்கவில்லை. அந்தக் கதவுகள் சட்டப்படி மூடிவிட்டன.

மூடிய கதவைத் திறக்காமல் சுவரிலே புதுக் கதவு போட்டதுதான் 2016 மார்ச் மாத வரவு செலவுத் திட்டம். 1999 ஏப்ரல் 6ஆம் திகதிக்குப் பின் பெற்ற கடன் எதுவும் 2019 ஏப்ரல் 5ஆம் திகதி நிலுவையில் இருந்தால், அதன் முழுத்தொகையும் அந்த ஓராண்டின் வருமானமாகக் கருதி வரி விதிக்கப்படும் என்று அறிவித்தார்கள். இதுவே லோன் சார்ஜ். 2017 நவம்பரில் சட்டமானது. பழைய ஆண்டுகளுக்கு வரி விதிக்கவில்லை, 2019இல் இருக்கும் கடனுக்கே விதிக்கிறோம், ஆகவே இது முன்தேதியிட்ட சட்டம் அல்ல என்று அரசாங்கம் வாதிட்டது. வாதத்தின் சாமர்த்தியத்தை மெச்சலாம். பத்தாண்டு உழைப்பின் கூலி ஒரே ஆண்டின் வருமானமானால் அதியுயர் வரி வீதத்தில் போய் விழும் என்பதைத் திணைக்களத்தின் மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 50,000 பேர் எதிர்கொண்டார்கள்.

இடையில் 2017 ஜூலை 5ஆம் திகதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பைத் தந்தது. கிளாஸ்கோ நகரின் ரேஞ்சர்ஸ் உதைபந்தாட்டக் கழகம் தன் வீரர்களுக்கு இதே மாதிரியான நம்பிக்கைப் பொறுப்பு வழியாகப் பணம் கொடுத்த வழக்கு அது. ஹொட்ஜ் பிரபு எழுதிய தீர்ப்பில் ஐந்து நீதியரசர்களும் ஒருமித்து, நிதியத்துக்குப் போன பணமே வீரர்களின் சம்பளம் என்றார்கள். திணைக்களம் வென்றது. ஆனால், அது சம்பளமானால் வரியைக் கழித்துக் கட்டியிருக்கவேண்டியவர் யார்? தொழில் வழங்குநர் அல்லவா? ஒப்பந்தப் பணியாளர்களின் தொழில் வழங்குநர்களோ தீவுகளில் இருந்தார்கள், அல்லது கம்பனியைக் கலைத்துவிட்டு மறைந்திருந்தார்கள். கைக்கு எட்டியவர் பணியாளர் ஒருவரே.

அதே 2017 நவம்பரில் திணைக்களம் தீர்வு நிபந்தனைகளை வெளியிட்டது. 2019 ஏப்ரலுக்கு முன் வந்து முடித்துக்கொண்டால் வரியை அந்தந்த ஆண்டின் வீதத்தில் கணக்கிடுவோம், தவணையும் தருவோம் என்பது அதன் கவர்ச்சி. நிபந்தனை ஒன்று இருந்தது: காலம் கடந்து மூடிப்போன ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கட்டவேண்டும். அந்த ஆண்டுகளுக்கு வரி கேட்கத் திணைக்களத்துக்குச் சட்ட உரிமை இல்லாதபடியால், அந்தப் பணத்துக்கு ‘தானாகச் செய்யும் ஈடு’ என்று பெயரிட்டார்கள். மறுத்தால் லோன் சார்ஜ் வரும். என் தோழர் விரும்பிக் கையெழுத்திட்டது இப்படித்தான்.

2018 டிசெம்பரில் பிரபுக்கள் சபையின் பொருளாதார விவகாரக் குழு இந்த அறவீட்டைக் கடுமையாக விமர்சித்தது. தற்கொலைச் செய்திகளும் வரத் தொடங்கியிருந்தன. அறவீட்டுக்கு ஆளானவர்களில் பத்துப் பேரின் தற்கொலைகளைத் திணைக்களமே பின்னர் உறுதிப்படுத்தியது. 2019 செப்டெம்பரில் முன்னாள் கணக்காய்வாளர் தலைமையதிபதி சேர் அமியாஸ் மோர்ஸ் மீளாய்வுக்கு நியமிக்கப்பட்டார். டிசெம்பர் 20ஆம் திகதி அவரது அறிக்கை வெளியாயிற்று. சட்டம் தெளிவானது 2010 டிசெம்பர் 9இல்தான், அதற்கு முந்திய கடன்களுக்கு இந்த அறவீடு கூடாது என்றார் அவர். அதற்குப் பிந்திய, 2016 ஏப்ரலுக்கு முந்திய கடன்களையும் திரட்டில் நியாயமான அளவுக்கு வெளிப்படுத்தியிருந்து, திணைக்களம் வாளாவிருந்திருந்தால் அவையும் விலக்கு. இந்த ஆண்டுகளுக்காகத் ‘தானாக’ வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். அவரது 20 விதப்புரைகளில் 19ஐ அரசாங்கம் ஏற்றது. 2020 ஜூலையில் நிதிச் சட்டம் அதற்கு வழி செய்தது.

தோழர் 2007 முதல் 2012 வரை திட்டத்தில் இருந்தவர். விண்ணப்பப் படிவத்தோடு அவரது பழைய கடிதங்களையும் வைத்துக்கொண்டு தொலைபேசியில் இருவரும் இரண்டு இரவுகள் கணக்குப் பார்த்தோம். 2007–08, 2009–10 ஆண்டுகளுக்கு விசாரணைக் கடிதமே இல்லை, பணம் திரும்பும். 2008–09க்கு மட்டும் உரிய காலத்தில் ஒரு கடிதம் வந்திருந்தது. அந்த ஆண்டு சட்டப்படி திறந்தே இருந்ததால் அதற்குக் கட்டியது ‘தானாக’ அல்ல, திரும்பாது. 2010 டிசெம்பருக்குப் பின்னைய கடன்களை அவருடைய அன்றைய கணக்காளர் திரட்டில் ஓரிடத்திலும் குறிப்பிட்டிருக்கவில்லை, அதுவும் திரும்பாது. விண்ணப்பித்தார். 2021 நடுப்பகுதியில் இரண்டு ஆண்டுகளின் பணமும் வங்கிக்கு வந்தது. அடமானத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை அதைக்கொண்டு அடைத்தார்.

அத்தோடு கதை முடிந்ததென்று நினைத்தோம். 2025 ஜனவரியில் வரித்துறையில் நீண்ட அனுபவமுள்ள ரே மக்கான் தலைமையில் புதிய மீளாய்வொன்று தொடங்கியது. நவம்பர் 26ஆம் திகதி வரவு செலவுத் திட்டத்தோடு வெளியான அதன் முடிவுகளில், நிலுவையில் உள்ளவர்களுக்குப் பெருஞ் சலுகைகள் இருந்தன. ஒவ்வொருவர் நிலுவையிலும் மேலதிகமாக 5,000 பவுணைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமும் அறிவித்தது. தோழர் மறுநாளே அழைத்தார். அவருடைய கேள்வியை அவர் முடிக்குமுன்பே பதில் என்னிடம் இருந்தது: இது இன்னும் தீர்வு செய்யாதவர்களுக்கு உரியது. சற்று நேரம் பேசாமலிருந்தார்.

“2008ஆம் ஆண்டுக் கடிதம் தபாலில துலைஞ்சிருந்தா நல்லாயிருந்திருக்கும்” என்றார். தொலைந்திருந்தாலும் அது அனுப்பப்பட்டதற்குத் திணைக்களத்திடம் பதிவு இருக்கும் என்றேன். அவருக்கும் அது தெரிந்தே இருந்தது.