ஒரே ஷெட், மூன்று போர்டு

கணபதியில் என் தாய்மாமாவின் மோட்டார் ஷெட் வாசலில் மூன்று போர்டுகள் தொங்கும். ஒன்று மாமா பெயரில், ஒன்று அத்தை பெயரில், மூன்றாவது அம்மிச்சி பெயரில். உள்ளே போனால் ஒரே ஷெட்தான். கரண்ட் மீட்டர் மட்டும் மூன்று. கைநாட்டு வைக்கிற என் அம்மிச்சி பல வருஷம் ஒரு கம்பெனிக்கு ஓனராக இருந்தாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு பள்ளி லீவில் மாமாவிடம் காரணம் கேட்டேன். "ஒண்ணா இருந்தா பெருசாயிரும் மாப்ளே. மூணா இருந்தா மூணுமே சின்னதுதான்" என்றார். அப்போது சிரித்தேன். அந்த 'சின்னது' டெல்லியில் எழுதப்பட்ட ஒரு வரையறை என்று புரிய எனக்கு இருபது வருஷம் ஆனது.

1955இல் வந்த வரையறைப்படி, நிலையான முதலீடு 5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மின்விசையோடு ஓடினால் 50 பேருக்கும், இல்லாமல் ஓடினால் 100 பேருக்கும் குறைவாக வேலை செய்ய வேண்டும். அதுதான் சிறுதொழில். 1960இல் ஆள் கணக்கை எடுத்துவிட்டார்கள். தலையை எண்ணினால் முதலாளி ஆள் சேர்க்கத் தயங்குவான் என்பது நியாயமான வாதம்தான். ஆனால் அதற்குப் பிறகு 'சின்னது' என்றால் மெஷினின் விலை என்றாகிவிட்டது. 1966இல் 7.5 லட்சம், 1975இல் 10, 1980இல் 20, 1985இல் 35, 1991இல் 60 லட்சம், 1997இல் 3 கோடி. 1999இல் திரும்பவும் 1 கோடிக்கு இறக்கினார்கள். ஒரு மெஷின்கூட வாங்காத கம்பெனிகள் அன்றைக்குப் பெரிய கம்பெனிகளாகியிருக்கும்.

இந்தக் கோட்டுக்குக் கீழே நின்றால் லாபம் உண்டு. விற்பனை ஒரு வரம்பைத் தாண்டாதவரை கலால் வரி விலக்கு. 1967இல் 47 பொருட்களைச் சிறுதொழிலுக்கு மட்டும் என்று ஒதுக்கினார்கள். எண்பதுகளின் இறுதிக்குள் அந்தப் பட்டியல் 800ஐத் தாண்டியது. திருப்பூர் பனியன் 2005 வரை அதில் இருந்தது. கடைசி 20 பொருட்கள் நீங்கியது 2015இல்.

ஆனாலும் கோவையில் கம்பெனிகள் சின்னச் சின்னதாய் உடைந்து கிடப்பதற்குச் சட்டம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. 1888இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தது. பருத்திக்காட்டுக் கிணறுகளில் தண்ணீர் ஆழத்துக்குப் போகப் போக பம்புக்குத் தேவை கூடியது. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் இங்கேயே மோட்டார் செய்தார்கள். பிறகு வேலை தெரிந்தவன் ஒவ்வொருவனும் ஒரு லேத் வாங்கித் தனியாகப் போனான். ஒருத்தர் பவுண்டரியில் வார்ப்பார், அடுத்த தெருவில் ஒருத்தர் ஷாஃப்ட் கடைவார், இன்னொருத்தர் வைண்டிங் கட்டுவார். எங்களூரில் இதற்கு ஜாப் ஒர்க் என்று பெயர். இங்கே "யாருக்கு வேலை செய்யறீங்க?" என்று கேட்டால் ஒருவருடைய நிலைமை தெரிந்துவிடும். அரசு கேட்டதோ "உன் மெஷின் எவ்வளவு?" என்று.

மாமாவின் ஷெட்டில் ஜாப் ஒர்க் இல்லை, ஜாயின்ட் ஃபேமிலிதான். அங்கே பதினான்கு பேர் வேலை செய்தார்கள். மூன்று போர்டுக்கும் பிரித்தால் எதிலும் பத்து வராது. மின்விசை உள்ள இடத்தில் பத்துப் பேர் இருந்தால் அப்போது தொழிற்சாலைச் சட்டம், ஈஎஸ்ஐ. 1972இன் பணிக்கொடைச் சட்டத்துக்கும் பத்துப் பேர் வேண்டியிருந்தது. வகைப்பாட்டிலிருந்து 1960இல் வெளியே போன ஆள் கணக்கு இந்தச் சட்டங்களில் அப்படியே இருந்தது. மாமாவின் போர்டுகள் இரண்டையும் ஒரே கல்லில் அடித்தன.

நாங்கள் டர்னர் அண்ணன் என்று கூப்பிடுகிறவர் அங்கே இருபத்தாறு வருஷம் இருந்தார். எனக்கு வெர்னியர் பார்க்கக் கற்றுக்கொடுத்தது அவர்தான். பின்னால் இன்ஜினியரிங் காலேஜில் யாரும் அவ்வளவு பொறுமையாகச் சொல்லித்தரவில்லை. அவர் பெயர் சில வருஷம் மாமா ரெஜிஸ்டரில், சில வருஷம் அம்மிச்சி ரெஜிஸ்டரில். வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்று பணிக்கொடை போட்டுப் பாருங்கள், பதினைந்து மாதச் சம்பளம் வரும். கோர்ட்டுக்குப் போயிருந்தால் மூன்றும் ஒரே நிறுவனம் என்று வாதாடியிருக்கலாம். அவர் போகவில்லை. மாமா தீபாவளிக்கு வேட்டியும் போனஸும் தவறாமல் கொடுத்தார், அண்ணன் மகள் கல்யாணத்துக்கு முன்னால் நின்று செலவு செய்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 10 பேருக்குக் கீழே குறு, 50க்குக் கீழே சிறு, 250க்குக் கீழே நடுத்தரம். விற்பனைக் கணக்கு அதற்கு அப்புறம்தான். இங்கே 2006 சட்டம் குறு, சிறு, நடுத்தரம் என்று மூன்றாகப் பிரித்தபோதும் மெஷின் விலைதான் அளவுகோல். 2020இல் விற்பனையும் சேர்ந்தது. 2025 ஏப்ரல் முதல் 2.5 கோடி முதலீடு, 10 கோடி விற்பனை வரை குறு நிறுவனம்தான்.

ஒரு லேப்டாப்பை வைத்துக்கொண்டு தனியாக கன்சல்டிங் செய்யும் நானும் உத்யமில் பதிந்துகொண்டேன். சேவை, உற்பத்தி என்ற பேதமெல்லாம் 2020லேயே போய்விட்டதால் நானும் மாமாவும் ஒரே வகை. அந்தப் படிவத்தில் வேலை செய்பவர்கள் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று ஒரு கட்டம் உண்டு. ஆண் 1 என்று போட்டேன். எதைப் போட்டிருந்தாலும் வகை மாறாது. சாஃப்ட்வேர்க்காரன் கண்ணுக்கு, எந்த கண்டிஷனிலும் பயன்படாத ஒரு வேரியபிள்.

ஒரே பேன் எண்ணில் உள்ள கிளைகளையெல்லாம் உத்யம் சேர்த்தே கணக்கிடும். மாமாவிடம் இருந்ததோ மூன்று பேன். ஜி.எஸ்.டி. வந்து கலால் போனபின், அம்மிச்சியும் இறந்தபின், 2021இல் மூன்றையும் ஒன்றாக்கி ஒரே போர்டு மாட்டினார். டர்னர் அண்ணன் அதற்கு இரண்டு வருஷம் முன்பே கண் தெரியவில்லை என்று நின்றுவிட்டார்.