எக்சுக் கதிரும் அறிவியற்றமிழும்: மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஒரு மொழியின் அறிவியல் வளத்தை நிர்ணயிப்பது அதன் இலக்கண அமைப்பன்று. அம்மொழியைப் பேசுவோர் சமூக உற்பத்தியில் வகிக்கும் இடமே ஆகும். கருவிகளை இறக்குமதி செய்யும் சமூகம் அவற்றை விளக்கும் மொழியையும் சேர்த்தே இறக்குமதி செய்யும் நிலைக்குத் தள்ளப்படுகிறது. மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தின் கல்வி வரலாறு இதற்குச் சான்று பகர்வது; இந்நிலைக்கு எதிரான முயற்சிக்கும் அதுவே சான்றாகும்.

அன்றைய மட்டக்களப்பு மாவட்டத்துக் காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்தர், தமிழ்ப் புலமையோடு விஞ்ஞானக் கல்வியையும் ஒருங்கே பெற்றவர். 1916இல் விஞ்ஞான டிப்புளோமாவும் 1920இல் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். அம்முயற்சியின் பயனாகக் கலைச்சொற்கள் 1938இல் நூலுருப் பெற்றன. 1947இல் வெளிவந்த யாழ் நூலில் நரம்பின் நீளத்துக்கும் சுருதிக்குமுள்ள கணிதத் தொடர்பைத் தமிழிலேயே ஆராய்ந்தார். பௌதிகம் தமிழிற் சிந்திக்கப்படக்கூடியது என்பதற்கு இந்நூல் செயல்முறைச் சான்று.

யாழுக்குப் பொருந்தியது நவீன மருத்துவக் கருவிக்கும் பொருந்துமா என்ற வினா எழலாம். கதிர்ப்படவியல் மாணவர் கற்கும் அடிப்படைப் பௌதிகத்தை எடுத்துக்கொள்வோம். மின்னோட்டம் காந்தப் புலத்தைத் தோற்றுவிக்கும் என்பதை 1820இல் ஏர்ஸ்டட் கண்டார். மாறுகின்ற காந்தப் புலம் மின்னைத் தூண்டும் என்பதை 1831இல் பரடே நிறுவினார். இவர் கொல்லரின் மகன், புத்தகம் கட்டும் தொழில் பயின்றவர். இத்தூண்டலே நிலைமாற்றியின் அடிப்படை. முதற்சுருளில் ஆடலோட்டம் பாய, பன்மடங்கு சுற்றுகள் கொண்ட துணைச்சுருளில் உயர் அழுத்தம் பிறக்கிறது. சீராக்கி அதனை ஒரு திசைப்படுத்துகிறது.

1895இல் றொண்ட்கன் எக்சுக் கதிரைக் கண்டறிந்தார். அதற்கு அவர் காப்புரிமை கோரவில்லை. 1913இல் கூலிட்ஜ் அமைத்த குழாயே இன்றைய குழாய்களின் முன்னோடி. வெற்றிடக் குழாயினுள் சூடேறிய இழை இலத்திரன்களை வெளியிடுகிறது. 80,000 உவோற்று அழுத்தத்தால் ஆர்முடுகிய அவை தங்குதன் இலக்கில் மோதுகின்றன. கருவின் அருகே வளைந்து வேகமிழக்கும் இலத்திரன் தான் இழந்த சக்தியைக் கதிராக விடுகிறது. சில மோதல்கள் அணுவின் உள்ளோட்டு இலத்திரனை வெளியேற்றுகின்றன; அவ்விடத்தை வெளியோட்டு இலத்திரன் நிரப்பும்போது அத்தனிமத்துக்கே சிறப்பான கதிர் பிறக்கிறது. மோதும் சக்தியில் ஏறத்தாழ 1 சதவீதமே கதிராகிறது, எஞ்சியது வெப்பம். உயர் உருகுநிலையுடைய தங்குதனும் சுழலும் நேர்மின்வாயும் வேண்டப்படுவது இதனாலேயே.

இவ்விளக்கத்தில் மொழி எவ்விடத்தும் இடறவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. நிலைமாற்றி, ஆடலோட்டம், இலத்திரன் என்பன ஈழத்துத் தமிழ்மொழிமூலப் பள்ளிகளில் தலைமுறைகளாகப் பயின்று வருவன. தமிழகத்தார் அவற்றை மின்மாற்றி, மாறுதிசை மின்னோட்டம், மின்னணு என்பர். இவ்வேறுபாடு தமிழின் வறுமையைக் காட்டுவதன்று. இரு அரசுகளின் கல்வி அமைப்புகள் தனித்தனியே இயங்கியதன் விளைவே அது.

ஆயின் தடை எங்குள்ளது? படுவான்கரைக் கிராமத்து விவசாயியின் பிள்ளை உயர்தரம்வரை பௌதிகத்தைத் தமிழிற் கற்கிறது. உயர் தொழிற்கல்வியின் வாயிலில் அறிந்த பொருளையே ஆங்கிலத்தில் மீண்டும் தேட வேண்டியதாகிறது. நகரத்து ஆங்கிலங் கற்ற குடும்பத்துப் பிள்ளைக்கு இச்சுமை இல்லை. எனவே மொழி இங்கு வர்க்கத்தின் வாயிற்காவலனாகச் செயற்படுகிறது. சொற்பட்டியல் மட்டும் இக்காவலை நீக்காது. 1938ஆம் ஆண்டு முயற்சியின் வரலாற்று வரையறையும் இதுவே. அறிஞர் அவையில் ஆக்கப்பட்ட சொல், கருவியை இயக்கும் கையிலும் நோயாளியோடு பேசும் வாயிலும் புழங்கினாலன்றி உயிர்பெறாது.

ஆங்கிலத்தைத் துறத்தல் இதன் பொருளன்று; உலக அறிவோடு உறவாட அது வேண்டும். ஆயினும் கருப்பிணிப் பெண்ணுக்குக் கதிரின் அபாயத்தை விளக்கவேண்டியவர், அதனைத் தம் மொழியில் விளங்கிக்கொண்டவராக இருத்தல் இன்றியமையாதது. விபுலாநந்தர் தொடக்கிய பணியை அகராதியிலிருந்து தொழிற்கூடத்துக்கும் வைத்தியசாலைக்கும் கொண்டுசெல்வதே இத்தலைமுறையின் கடமையாகும்.